கெபிக்கும் பிள்ளையாருக்கும் நடுவே

அன்னை நகரில் எட்டு வருஷமாக மாதா கெபியும் எழும்பவில்லை, பிள்ளையார் கோயிலும் எழும்பவில்லை. இரண்டுக்கும் குறுக்கே நின்றது வினோலியா டீச்சர்தான் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவளுடைய கணவர் சார்லஸ். தபால் ஆபீசில் ஊர்வாரியாகத் தபால் பிரித்தே காலத்தைக் கழித்தவர். எது எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குக் கைவந்த வேலை.

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால், மில்லுகள் முடிந்து வேலியும் வெயிலுமாகக் கொஞ்ச தூரம் போனதும் வருவது அன்னை நகர். பிளாட் போட்டவர் கெட்டிக்காரர். எந்த அன்னை என்று சொல்லாமலே பெயர் வைத்து, ஒரு தெருவைச் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் மறு தெருவைக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் விற்று முடித்தார். அதற்கு முன்னால் அது காடு. இந்தப் பக்கத்தில் மானாவாரி நிலத்தையும் காடு என்றுதான் சொல்வார்கள். விதைத்தவர்கள் விதைப்பதை விட்டு ரொம்ப நாளாகியிருந்ததால் எருக்கும் ஆவாரையும் இலந்தையும் தும்பையும் தம் இஷ்டத்துக்கு வளர்ந்து கிடந்தன. மேற்கு ஓரத்தில் தூர்ந்துபோன குட்டை ஒன்று. அதன் செம்மண் கரை மட்டும் ஆள் உயரத்துக்கு மிச்சமிருந்தது.

வினோலியா டவுனில் பெண்கள் பள்ளி ஒன்றில் விலங்கியல் டீச்சர். ஐப்பசி மழை ஓய்ந்ததும் பிளஸ் ஒன் பிள்ளைகளை அந்தக் காட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவாள். வகுப்பில் தூங்குகிற பிள்ளைகூட அங்கே வந்தால் தூங்காது. எருக்கு இலையில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட வெட்டுக்கிளிகள், ஆவாரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, கருவேலங்கிளையில் பொன்வண்டு, மணலில் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரி. கடைசியாகக் கரைக்குக் கூட்டிப் போவாள். கரை முழுக்கப் பென்சில் கனத்தில் துளைகள். ஒவ்வொரு துளையும் ஒரு தேனீயின் வீடு. கூட்டமாக வாழாது, ராணி கிடையாது, அடை கட்டாது. ஒற்றையாக மண்ணைத் தோண்டி, பூந்தூளை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு வாசலை மூடிவிட்டுச் செத்துப்போகும். மதுரையிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, ஒரே கரையில் இத்தனை வகை சேர்ந்து இருப்பதைத் தான் எங்கும் கண்டதில்லை என்றார். அதை அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னார். பஸ் வந்துவிட்டதால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

தொண்ணூற்றைந்தில் காட்டில் கல் நட்டார்கள். பள்ளி ஓய்வறையில் பேச்செல்லாம் அன்னை நகராகவே இருந்தது. வினோலியாவும் ஒரு பிளாட் வாங்கினாள். வாடகை வீட்டு ஆணியில் காலண்டர் மாட்டக்கூட அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன குடும்பம் அது. நாம் வாங்காவிட்டால் இன்னொருத்தர் வாங்கப் போகிறார். உள்ளே இருந்தால் கரையை ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பிளாட் போட்டால் பூங்காவுக்கென்று கொஞ்சம் இடம் ஒதுக்கியாக வேண்டும், அது சட்டம். வரைபடத்தில் பூங்கா நடுத்தெருவில் இருந்தது. அதை மேற்கு ஓரத்துக்கு, கரையும் குட்டையும் இருக்கிற பக்கத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று அவள் பிளாட்காரரிடம் கேட்டாள். தயக்கத்தோடு கேட்டாள். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பள்ளமும் மேடுமாகக் கிடந்த அந்த மூலையை யார் தலையில் கட்டுவது என்று அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம். டீச்சருக்காகச் செய்கிறேன் என்றார். வினோலியா அன்று சாயந்தரம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையில் கேட்ட மாத்திரத்தில் கிடைத்த காரியம் அது ஒன்றுதான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வீடுகள் வந்தன. வாசலில் கோலம் வந்தது, நட்சத்திரம் தொங்கியது, இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. பூங்கா இடம் மட்டும் காடாகவே கிடந்தது. மூன்று பக்கமும் வீட்டுச் சுவர்கள், கிழக்கே மட்டும் ரோடு. காலி இடத்தைப் பார்த்தால் மனுஷருக்குக் கை சும்மா இருக்காது. ஒருவர் கட்டட இடிசலைக் கொட்டினார். ஒருவர் மாடு கட்டினார். ஒருவர் குப்பையைக் கூட்டித் தீ வைத்தார். வினோலியா ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், வாசலில் நின்று, சிரித்துப் பேசி நிறுத்தினாள். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேண்டும் என்றபோது வேறு யாரும் வராததால் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

அடுத்து வந்ததுதான் பெரிய வினை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராயப்பராஜின் மகன் டோனி, பழனி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் பிழைத்தான். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மகன் நடந்து வீட்டுக்கு வந்தால் நம் தெருவில் மாதாவுக்குக் கெபி கட்டி வைக்கிறேன் என்று அவன் அம்மா செபாஸ்தியம்மாள் நேர்ந்துகொண்டிருந்தாள். கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி, உள்ளே மாதா சொரூபம் வைத்து, முன்னால் நின்று ஜெபமாலை சொல்ல ஒரு இடம். அதற்குப் பூங்கா இடத்தை விட்டால் வேறு இடம் ஏது?

மறு தெருவில் மூக்கையா. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஊர் என்றால் பிள்ளையார் இல்லாமல் எப்படி என்பது அவர் கேள்வி. அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சிலையை அடிக்கச் சொல்லி வாங்கியே வந்துவிட்டார். பிரதிஷ்டைக்கு முன்னால் தானியத்தில் வைக்க வேண்டும் என்று சொன்னதால் பிள்ளையார் அவர் வீட்டு நெல் குதிருக்குள் இறங்கினார்.

வினோலியா முதலில் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனாள். பூங்கா இடத்தில் கட்டடம் கட்டக்கூடாது அல்லவா என்றாள். அவர் காபி வரவழைத்தார்.

“கட்டடம் கட்டக் கூடாதுதான் டீச்சர். ஆனா சாமி இருக்குற எடத்தைப் போயி கட்டடம்னு நான் எழுதுனா, அடுத்த எலெக்சன்ல நான் நின்ன மாதிரிதான்.”

ஆக, சட்டம் காபியோடு முடிந்தது.

முதல் கூட்டம் தொட்டிக்கு அடியில் நடந்தது. கொஞ்சம் முறைத்துக்கொண்டாலும் யாரும் சண்டைக்கென்று வரவில்லை. இடம் பெரிசுதானே, இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ராயப்பராஜே சொன்னார். மூக்கையாவும் தலையாட்டினார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. நடவடிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த வினோலியா தலையை நிமிர்த்தி, “அப்ப முன்னாடி எது, பின்னாடி எதுன்னு எழுதிக்கிறது?” என்று கேட்டாள்.

சத்தியமாக எழுதுவதற்காகத்தான் கேட்டாள்.

ரோடு ஒரே பக்கம். பிள்ளையார் கிழக்கே பார்க்க வேண்டும், மாதாவும் ரோட்டைப் பார்க்க வேண்டும்.

“எங்க புள்ளையாரு ஒங்க கெபியோட முதுகப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமாக்கும்,” என்றார் மூக்கையா.

“மாதாவை மறைச்சுக்கிட்டு அவரு ஒக்காந்தா மட்டும் சரியா வருமா?” என்றார் ராயப்பராஜ்.

முன்னே பின்னே வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். வலது கைப் பக்கம் யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். பிறகு மாடு கட்டியது, குப்பை எரித்தது, கிறிஸ்துமஸுக்கு மைக் செட் போட்டது, மார்கழியில் மைக் செட் போட்டது எல்லாம் வெளியே வந்தது. கூட்டம் கலைந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் வினோலியாவுக்கு உறைத்தது. ஒரு எருக்கஞ்செடிகூட வெட்டுப்படாமல் அந்தக் கூட்டம் முடிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி அவளுக்கு வேலையாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு நல்ல மனிதர் இரண்டு தரப்பையும் உட்கார வைப்பார். ஒவ்வொரு வருஷமும் பேச்சு முடிகிற நேரத்தில் செயலாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். முன்னாடி எது என்பாள். அது தீர்ந்திருந்தால் வலது பக்கம் எது. அதுவும் தீர்ந்திருந்தால், உயரம் ஒரே அளவுதானே? குரலில் ஒரு குறும்பும் இருக்காது. அவள் எதுவும் பொய் சொல்லவில்லை, யாரையும் தூண்டிவிடவில்லை. கேள்வியை மட்டும் வைத்துவிட்டு எழுதக் குனிந்துகொள்வாள்.

சார்லஸ் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். “பாவசங்கீர்த்தனத்துல இதையும் சாமியார்கிட்ட சொல்றியா?”

“கேள்வி கேக்குறது பாவமா?”

“கேக்குற ஆளைப் பொறுத்து.” அதோடு அவர் வெஞ்சனத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கரை தப்பித்தது. காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் போய்ப் பார்ப்பாள். வெயில் ஏறியதும் துளைகளுக்குள் இருந்து சின்னத் தலைகள் எட்டிப் பார்க்கும். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பறக்கும். தும்பைக்கும் ஆவாரைக்கும் போய்க் கால் நிறைய மஞ்சளோடு திரும்பும். சுற்றிலும் எரியோடு வரைக்கும் காடெல்லாம் கல் நடப்பட்டுக்கொண்டிருந்தது. முன்பு வேறு எங்கெங்கோ பார்த்த பூச்சிகள் இங்கே வந்து ஒண்டுவதை அவள் பார்த்தாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்த காலம் போய், காவல் காக்கிற அலுப்பு வந்திருந்தது. நோயாளி வீட்டில் எழுந்ததும் மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ஆகியிருந்தது அது.

கரைக்குக் காவல் கிடைத்தது, ஊருக்குத்தான் உடம்பு கெட்டது. தெருவுக்கு ஒரு கிரிக்கெட் டீம் ஆனது. கிறிஸ்துமஸ் பலகாரம் மூக்கையா இருக்கிற கிழக்குத் தெருவுக்குப் போவது நின்றது, பொங்கல் இந்தப் பக்கம் வருவதும் நின்றது. தொட்டித் தண்ணீர் திறந்துவிடக்கூட இரண்டு தெருவுக்கும் இரண்டு ஆள். மூக்கையாவின் மனைவி பேச்சாயியும் செபாஸ்தியம்மாளும் மட்டும் விடியற்காலையில் பால் வாங்கச் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தார்கள். அதையும் யாரோ குத்திக்காட்ட, ஒருத்தி முன்னால் ஒருத்தி பின்னால் என்று நடக்க ஆரம்பித்தார்கள். வினோலியா ஜன்னல் வழியாக அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டிருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஆறில் சிக்குன்குனியா வந்தது. வீட்டுக்கு ஒருவர் மூட்டுவலியோடு குனிந்து நடந்தார். எல்லாவற்றுக்கும் பூங்காப் புதர்தான் காரணம், அங்கேதான் பூச்சி அடைகிறது, மொத்தமாக வெட்டி மருந்தடிக்க வேண்டும் என்று இரண்டு தெருவும் முதன்முதலாக ஒரே குரலில் சொன்னது. இந்தக் கொசு வீட்டுக்குள் டிரம்மிலும் தொட்டியிலும்தான் முட்டை வைக்கும், காய்ந்த கரையில் அதற்கு வேலை இல்லை என்று வினோலியா சொல்லிப் பார்த்தாள். பூச்சி என்றால் எல்லாம் ஒன்றுதானே டீச்சர் என்றார்கள். கடைசியில் அவள், வெட்டுவதென்றால் எந்தத் தெரு ஆள் முதலில் இறங்குவது என்று கேட்டாள். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரம் அவளே படுத்தாள். காய்ச்சல் சீக்கிரம் விட்டது, வலி விடவில்லை. விரலை மடக்க முடியவில்லை. சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. படி இறங்க வேண்டுமென்றால் சுவரோடு பேசிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது. அந்த நிலையில்தான் செபாஸ்தியம்மாளைப் பார்க்கப் போனாள். ஏற்கெனவே சர்க்கரை உள்ள உடம்பு, காய்ச்சல் அவளைக் கட்டிலோடு ஒட்டிவிட்டிருந்தது. டோனி கஞ்சி கொண்டு வந்து வைத்துவிட்டு, ஊன்றுகோல் இல்லாமல் நடந்து போனான்.

“பாத்தீகளா, எப்படி நடக்குறான்னு,” என்றாள் செபாஸ்தியம்மாள். பிறகு, “மாதாவோட மாசம், மே மாசத்துக்குள்ள கெபி முடிஞ்சிருமா டீச்சர்? வாங்குன கடனை வச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு,” என்றாள்.

“பாப்போம் அக்கா,” என்றாள் வினோலியா. அந்த வார்த்தை வாயிலேயே கசந்தது.

மே மாதத்துக்கு ரொம்ப முன்னாலேயே செபாஸ்தியம்மாள் போய்ச் சேர்ந்தாள். அடக்கத்தன்று காலையில் வினோலியா குழாயடிக்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்தது, அவளால் தூக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து தூக்கியது. பேச்சாயி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நகராமல் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“செபாஸ்தி அக்கா மொகத்த ஒரு தடவ பாக்கணும் டீச்சர். இவரு விட மாட்டேங்குறாரு. அங்கிட்டுப் போனா இங்கிட்டு வராதன்றாரு.”

“நான் கூட்டிட்டுப் போறேன். வா.”

“போயிட்டு வந்து எந்த வீட்டுல சோறு திங்கிறது?” பேச்சாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “கட்டாத கோயிலுக்கு இம்புட்டுச் சண்டை டீச்சர். கட்டித் தொலைச்சிருந்தா ரெண்டு நாளு கும்பிட்டுட்டு அவுகவுக சோலியப் பாத்துருப்பாக.”

குடத்தைக் கொண்டுவந்து வினோலியாவின் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். சாயந்தரம் சவப்பெட்டி கிழக்குத் தெரு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கதவுகள் ஒருச்சாய்த்திருந்தன. பேச்சாயி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு சேலைத் தலைப்பு மட்டும் தெரிந்தது. வினோலியா ஊர்வலத்தின் கடைசியில் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். ராயப்பராஜ் நேரே பார்த்தபடி போனார். அந்தத் தெருவைக் கடக்கும் வரை ஜெபமாலை சொல்கிறவர்களின் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சார்லஸ் அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார் போல. அவள் அழவில்லை.

“நான் கேக்காம இருந்தா முடிஞ்சிரும்,” என்றாள்.

“முடிஞ்சிரும்.”

“கரையும் முடிஞ்சிரும்.”

சார்லஸ் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். “ரெண்டுல ஒண்ணைத்தான் ஒன்னால தூக்க முடியும் வினோ. குடத்தையே தூக்க முடியல ஒனக்கு.”

முப்பதாம் நாள் பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூடியது. அதற்கு முந்தின நாட்களில் வினோலியா காலையில் கரைக்கு எதிரே உட்கார்ந்தே இருந்தாள். எதைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் பார்த்தாள். முன்பக்கத்து எருக்கும் ஆவாரையும் போய்விடும். பூ இல்லாமல் கரை மட்டும் எதற்கு? மறு ஓரத்தில் கொஞ்சம் தும்பையும் துத்தியும் மிஞ்சலாம், சுவர்களைத் தாண்டிப் போனால் வீட்டு முருங்கைகள் இருக்கின்றன. அதெல்லாம் ஒரு பக்கம். இன்னொன்றை அவள் இத்தனை வருஷத்தில் யோசித்ததே இல்லை. அந்தக் கரை கிழக்கே பார்த்த கரை. காலை வெயில் மண்ணில் பட்டுச் சூடு ஏறினால்தான் தேனீ வெளியே வரும். முன்னால் இரண்டு கட்டடம் ஒட்டி எழும்பினால் கரை நிழலுக்குள் போய்விடும். வெட்டாமலே, மருந்தடிக்காமலே எல்லாம் முடிந்துவிடும்.

கூட்டத்தில் ராயப்பராஜ் இளைத்துப் போயிருந்தார். எழுந்து நின்று பேசுகிற ஆள், அன்று உட்கார்ந்தே பேசினார். செபாஸ்தியம்மாள் ஆசைப்பட்டது நடக்காமலே போய்விட்டது, இனி எனக்கு முன் பின் எதுவும் இல்லை, எங்கே இடம் கொடுத்தாலும் சரி என்றார். மூக்கையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் முப்பது நாளாக அடுப்படியிலிருந்து பேச்சுச் சத்தமே இல்லை என்று கிழக்குத் தெருவுக்கே தெரியும்.

“எடம்னா இருக்கத்தான் செய்யுது சார்,” என்றார் மூக்கையா. “ரெண்டும் இருக்கட்டும்.”

பிறகு எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். எட்டு வருஷத்துப் பழக்கம். இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வினோலியா கண்ணாடியைக் கழற்றினாள், துடைத்தாள், மாட்டிக்கொண்டாள்.

“ரெண்டும் ரோட்டுக்கு வரட்டும்,” என்றாள். “ஒண்ணு வடக்கு ஓரம், ஒண்ணு தெக்கு ஓரம். ரெண்டும் கெழக்கப் பாக்கட்டும். நடுவுல நல்லா அகலமா ஒரு சந்து விட்ருவோம். யாரு வீட்டு முதுகையும் யாரும் பாக்க வேணாம்.”

இது ஒன்றும் பெரிய யோசனை அல்ல. தொட்டிக்கடியில் உட்கார்ந்திருந்த எவருக்கும் வந்திருக்கக்கூடிய யோசனைதான். ஆனால் நடுவில் சந்து என்றதும் இரண்டு பக்கமும் முகம் தெளிந்தது. ஒட்டிக்கொள்ளாமல் சமாதானம் ஆவதற்கு ஒரு வழி கிடைத்த தெளிவு. எந்த ஓரம் என்று மூக்கையா கேட்டார். எடுத்துக்கங்க என்றார் ராயப்பராஜ். நீங்க எடுத்துக்கங்க என்றார் மூக்கையா. ஆளாளுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டு அதிலேயே கொஞ்ச நேரம் போனது.

“அந்தச் சந்தும் பின்னாடிக் கரையும் சங்கத்துக்கு,” என்றாள் வினோலியா. “அதுல யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது.”

“டீச்சருக்கு இல்லாததா,” என்றார் மூக்கையா. எட்டு வருஷத்து நல்ல மனசும் ஒரே நேரத்தில் பொங்கி வந்துவிட்டது அவருக்கு. “நாங்களே அந்தக் கரைய வெட்டிச் சமமாக்கி, சிமெண்டு பூசி, பூந்தொட்டி வச்சுத் தாரோம்.”

“வேணாம்ணே. தொடாம இருந்தாப் போதும்.”

“அசிங்கமா இருக்குமே டீச்சர்.”

“இருக்கட்டும்.”

அப்போதுதான் ஏன் என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று பயந்திருந்தாள். இப்போது கெடுவதற்கு அதிகம் இல்லை என்பதால் சொன்னாள். கரையில் வீடு கட்டியிருக்கிற தேனீக்களைப் பற்றி, காலை வெயிலைப் பற்றி, எருக்கைப் பற்றி. குரல் வகுப்பெடுக்கிற குரலாகிவிடாமல் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

“கொட்டுமா டீச்சர்?”

“கொட்டாது. கையில புடிச்சு நசுக்குனா வேணும்னா கொட்டும்.”

“தேனு கெடைக்குமா?”

“கெடைக்காது.”

“அப்ப எதுக்கு?”

விளக்கம் நிறைய இருந்தது. முருங்கை காய்ப்பதிலிருந்து தொடங்கலாம். கத்தரி, பூசணி, எள் என்று போகலாம். அவளுக்கு உட்கார்ந்திருக்கவே முடியவில்லை, இடுப்பு விட்டுப்போயிருந்தது.

“எதுக்கும் இல்ல. நமக்கு முன்னாடியே வந்து குடியிருக்கு. அம்புட்டுத்தான்,” என்றாள்.

யாரும் மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் சொல்ல முடியாது. பிள்ளையாரைக் குதிரிலிருந்து எப்போது எடுப்பது என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

வேலை தை பிறந்ததும் தொடங்கியது. முன்பக்கத்தைச் சுரண்ட மஞ்சள் வண்டி ஒன்று வந்து ஒரு முற்பகலில் போய்விட்டது. வினோலியா அன்று பள்ளிக்குப் போனாள். வீட்டில் இருந்திருக்கலாம், லீவு இருந்தது. வகுப்பில் கணுக்காலிகளின் உடலமைப்பைப் படம் போட்டுப் பாகம் குறித்தாள். விரல் வலியில் கோடு நேராக வரவில்லை. பிள்ளைகள் அதை அப்படியே கோணலாக எழுதிக்கொண்டார்கள்.

மே மாதத்தில் சாமியார் வந்து ஜெபித்துக் கெபியை மந்திரித்தார். அதே வாரத்தில் நல்ல நாள் பார்த்துப் பிள்ளையாரும் அமர்ந்தார். இரண்டு தெருவும் இரண்டு விழாவுக்கும் வந்தது. ராயப்பராஜ் மூக்கையா வீட்டில் சாப்பிட்டார். கெபிக்குள் செபாஸ்தியம்மாள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். மறுநாள் காலையில் பேச்சாயி அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் நின்றாள். மாதாவைக் கும்பிட்டாளா, பெயரைக் கும்பிட்டாளா, பார்த்தவர்களுக்குத் தெரியாது.

அங்கிருந்து சந்து வழியாக அவள் கரைக்கு வந்தாள். வினோலியா அங்கே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நின்று பார்க்கிற கால் இப்போது இல்லை. பேச்சாயி கையிலிருந்த தொன்னையை நீட்டினாள். கோயில் பொங்கல், மேலே கெபியில் கொடுத்த பூந்தி.

“ரெண்டையும் சேத்துத் தின்னுங்க டீச்சர். இனிப்போட இனிப்புதானே.”

வெயில் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கெபியின் நிழல் கரையின் ஒரு பக்கத்தையும் கோயிலின் நிழல் மறு பக்கத்தையும் மூடியிருக்க, நடுவில் ஒரு சேலை அகலத்துக்கு மண் செக்கச் சிவப்பாகத் தெரிந்தது. நிழல் விழுந்த துளைகளில் சிலந்தி நூல் கட்டியிருந்தது. பேச்சாயி அவள் பார்க்கிற திசையிலேயே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். வெயில் பட்ட துளை ஒன்றிலிருந்து சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்து உள்ளே போனது, மறுபடி எட்டிப் பார்த்தது.

“இதுக்காகத்தானா டீச்சர்?”

“இதுக்காகத்தான்.”

“இம்புட்டுத்தான் இருக்கா?”

“இப்ப இம்புட்டுத்தான்.”

பேச்சாயி நிமிர்ந்து கோயில் சுவரைப் பார்த்தாள், கெபியைப் பார்த்தாள், பிறகு தன் நிழல் கரைமேல் விழுந்து கிடப்பதைப் பார்த்தாள். இரண்டு எட்டு தள்ளி, நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தேனீ வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ரோட்டுப் பக்கமாகப் பறந்து போனது. வினோலியா தொன்னையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவை வருகின்றனவா என்று வெயில் நகரும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.